தண்டட்டி இல்லாத முகம்: ஒரு கேத வீட்டுப் படத்தைப் பெரிதாக்கியபோது நடந்தது

மதுரை சிம்மக்கல் பக்கம் நாங்கள் ஒரு சின்ன அச்சு, டிசைன் கடை நடத்துகிறோம். பிளக்ஸ், பத்திரிகை, பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பிரேம் போடுவது என மூன்று வேலையும் உண்டு. நான், ஒரு ஆபரேட்டர், ஒரு உதவியாள், அவ்வளவுதான். 2024 ஆடி மாதம் எங்கள் கடையில் ஒரு வேலை தவறாகப் போய், பிறகு ஓரளவு சரியானது. அதை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். போட்டோ வேலை செய்கிறவர்களுக்கும், வீட்டில் ஒருவர் போன துக்கத்தோடு போட்டோ கடைக்கு வர நேர்கிறவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

## பின்னணி

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 80 வயது தாண்டிய ஒரு மூதாட்டி ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இறந்துபோனார். இரண்டு மகன்கள், ஒரு மகள், பேரன் பேத்திகள். வாழ்நாள் முழுக்கக் காட்டு வேலை பார்த்தவர். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நினைத்த தலைமுறை. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாராம். அதனால் அவர் தனியாக இருக்கிற நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

அன்று இரவு 9 மணிக்கு மேல் பேரன் ஒருவர் போன் செய்தார். விடிவதற்குள் வீட்டு வாசலில் வைக்க 6 அடி உயரம், 4 அடி அகலத்தில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கிற படம் போதுமா என்று முதலில் கேட்டார். கேத வீட்டிலிருந்து வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். விரல் நகம் அளவுக்கு அச்சான அந்தப் படத்தில் எடுக்க ஒன்றும் இருக்காது. வேறு ஏதாவது தேடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 2022இல் பேத்தி கல்யாணத்தில் மேடையில் எடுத்த குடும்பப் படம். இருபது பேருக்கு மேல் நிற்கிறார்கள். முன்வரிசையில், இடது ஓரத்தில், நாற்காலியில் அப்பத்தா. நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்க்கிறார், காதில் தண்டட்டி தொங்குகிறது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் பழைய தலைமுறைப் பெண்கள் காதை வளர்த்துப் போட்டுக்கொள்ளும் கனமான தங்க நகைதான் தண்டட்டி. காது மடல் தோள்வரை இறங்கியிருக்கும். அந்தக் காதும் அந்த நகையும் அவர்கள் முகத்தின் பாகம். இந்த வேலையில் அது எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

## முதல் இரவு: பிளக்ஸ்

வந்த படத்தின் அளவு 1600க்கு 1067 பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னச் சின்னப் புள்ளிதான் பிக்சல்). வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வந்து சேரும். மூலப்படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீளமான பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைத்து, அதன்மேல் ஜேபெக் என்ற முறையில் பைலைச் சுருக்கித்தான் அது அனுப்பும். 2023 ஆகஸ்டில் எச்டி என்று ஒரு வசதி வந்தது. அதில் படம் இன்னும் பெரிதாக வரும், ஆனாலும் மூலம் அப்படியே வராது. டாக்குமெண்டாக இணைத்து அனுப்பினால் மட்டுமே உள்ளது உள்ளபடி வரும்.

அந்தக் கூட்டப் படத்தில் அப்பத்தாவின் முகம், நெற்றி மேலிருந்து தாடை வரை, சுமார் 95 பிக்சல் உயரம். பிளக்ஸில் முகத்தை 15 அங்குல உயரத்துக்கு வைத்தோம். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 6 பிக்சல் சொச்சம்தான் வருகிறது. கேட்பதற்கு மிக மோசமான எண். ஆனால் மறுநாள் காலை அந்த பிளக்ஸ் வாசலில் ஏறியபோது யாரும் குறை சொல்லவில்லை. காரணம் தூரம்.

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி இருந்தால்தான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். அதைவிட நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். இதைக் கடைக் கணக்காக மாற்றினால் ஒரு எளிய வகுத்தல் கிடைக்கும்: 3438ஐப் பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், அந்தத் தூரத்தில் கண் உணரக்கூடிய உச்ச அளவு, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது, வந்துவிடும். ஒரு அடி தூரத்தில் 286. அச்சுத் தொழிலில் எல்லோரும் சொல்லும் 300 என்ற எண் ஏறக்குறைய இங்கே வந்து நிற்கிறது, கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கான எண் அது. மூன்று அடியில் 95. பத்து அடியில் 29. நாற்பது அடியில் வெறும் 7. அந்த வாசல் பிளக்ஸைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தும், வண்டியில் போகும்போதும்தான் பார்த்தார்கள். பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் அது தப்பியது.

பிளக்ஸ் தப்பியதே எங்களை ஏமாற்றியும் விட்டது. அன்றிலிருந்து அது எங்கள் மனதில் "நல்லா வந்த படம்" என்று பதிந்துவிட்டது.

## எட்டாம் நாள்: பிரேம் ஆர்டர்

பதினாறாம் நாள் கருமாதி. அன்று படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட, பிறகு வீட்டுச் சுவரில் மாட்ட, 12க்கு 18 அங்குல பிரேம் வேண்டும் என்று பேரன் கடைக்கே வந்தார். கல்லூரி படிக்கும் பையன், விவரமானவர். முன்பு அனுப்பிய படம் சிறியது என்று யாரோ சொன்னார்களாம். "அண்ணே, பெருசாக்கி 300 டிபிஐ போட்டுக் கொண்டாந்துட்டேன்" என்று பென் டிரைவைக் கொடுத்தார்.

நான் அப்போது கடையில் இல்லை. ஆபரேட்டர் பைலின் விவரத்தைப் பார்த்தார். 5400க்கு 3601 பிக்சல், 300 டிபிஐ, 7 எம்பி. கல்யாண போட்டோகிராபரிடமிருந்து மூலப்படம் வாங்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆர்டர் எடுத்துவிட்டார்.

நடந்தது வேறு. பையன் அதே வாட்ஸ்அப் படத்தை ஒரு மென்பொருளில் திறந்து, அகலம் 18 அங்குலம், ரெசல்யூஷன் 300 என்று எண்களைப் போட்டுச் சேமித்திருந்தார். படத்தைப் புதிதாகக் கணக்கிடும் ரீசாம்பிள் டிக் அப்படியே இருந்ததால், மென்பொருள் 1600 பிக்சலை 5400 ஆக இழுத்து, நடுவில் வரும் பிக்சல்களைப் பக்கத்து நிறங்களிலிருந்து ஊகித்து நிரப்பிவிட்டது. ஒரு டம்ளர் மோரைக் குடத்தில் விட்டுத் தண்ணீர் ஊற்றினால் குடம் நிறையும், மோர் கூடாது. அந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தால் பிக்சல் 1600ஆகவே இருந்து, 300 என்ற குறிப்பு மட்டும் மாறியிருக்கும். அப்படியிருந்தாலாவது ஆபரேட்டர் கவனித்திருப்பார். டிபிஐ என்று பைலில் எழுதியிருப்பது ஒரு சீட்டு மாதிரி. அச்சிடும்போது ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சலை வைக்கலாம் என்ற யோசனை மட்டும்தான் அதில் இருக்கிறது. படத்தின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அப்பத்தாவின் படம் நன்றாக வரவேண்டும் என்ற அக்கறையில், தெரிந்ததைச் செய்தார். படத்தை 100 சதவீதத்துக்கு, அதாவது ஒரு பிக்சல் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும்படி, பெரிதாக்கி ஒரு நொடி பார்க்காமல் ஆர்டர் எடுத்தது எங்கள் கடையின் தவறு.

## ஏஐ கொடுத்த முகம்

இருபது பேர் படத்திலிருந்து அப்பத்தாவை மட்டும் வெட்டி 12க்கு 18இல் வைத்தால், முகம் 6 அங்குல உயரம் வரும். மூலக் கணக்கில் 95 பிக்சலை 6 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 16. வெட்டி எடுத்த துண்டு முழுவதும் சேர்த்தே உண்மையில் 190க்கு 285, அதாவது சுமார் 54 ஆயிரம் பிக்சல். 12க்கு 18ஐ 300இல் அச்சிட வேண்டியது 3600க்கு 5400, 1 கோடியே 94 லட்சம் பிக்சல். ஒவ்வொரு உண்மைப் பிக்சலுக்கும் 350க்கும் மேற்பட்ட பிக்சலை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

அதோடு ஜேபெக் ஒரு படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். 95 பிக்சல் முகம் என்றால் நெற்றி முதல் தாடைவரை மொத்தம் 12 கட்டம். ஒரு கண்ணின் உயரத்துக்கு ஒரு கட்டம்கூட முழுசாக இல்லை.

துண்டாக வெட்டிய பிறகுதான் மங்கல் தெரிந்திருக்கிறது. ஆபரேட்டர் இப்போது பலரும் செய்வதைச் செய்தார். முகத்தைத் தெளிவாக்கும் ஒரு ஏஐ கருவியில் போட்டார். நொடியில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. கண்ணிமை, புருவ முடி, தோல் சுருக்கம் எல்லாம் துல்லியமாக இருந்தன. லேபுக்கு அனுப்பி, போட்டோ தாளில் அச்செடுத்து, கண்ணாடி போட்டு, பத்தாம் நாள் பிரேம் தயார்.

வாங்க வந்தவர்கள் பேரனும், இறந்தவரின் மகளும். பேரனுக்கு அத்தை. அப்போது நான் கடையில் இருந்தேன். தாளைப் பிரித்துக் காட்டினோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது எங்க ஆத்தா இல்லய்யா."

பேரன் சமாதானம் சொல்லப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினார். படத்தில் தண்டட்டி இல்லை. நீண்டு தொங்கிய காது மடலும் இல்லை. தண்டட்டி இருந்த இடத்தில் தலைமுடிச் சுருள் மாதிரி ஏதோ ஒன்று, மடல் இருந்த இடத்தில் வழுவழுப்பான கழுத்து. கண்ணும் மாறியிருந்தது. யாரோ ஒரு நல்ல மூதாட்டியின் முகம்தான், ஆனால் அவர்கள் வீட்டு மூதாட்டி இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் மறைந்துபோன விவரத்தை மீட்டெடுப்பதில்லை. அந்த விவரம் பைலில் இல்லவே இல்லை. தான் பழகிய ஏராளமான முகங்களை வைத்து, இந்த மங்கலுக்கு எது பொருந்தலாம் என்று ஒரு முகத்தை வரைந்து கொடுக்கின்றன. வளர்த்த காதும் தண்டட்டியும் அந்தக் கருவி பழகிய முகங்களில் அரிதாகவே இருந்திருக்கும். அதனால் தெரியாததை அழித்துவிட்டு, தெரிந்ததை வரைந்தது. கல்யாண ஆல்பத்தில் பின்வரிசையில் நிற்கும் ஒருவருக்கு இப்படி நடந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாலை போட்டு வருஷக்கணக்கில் கும்பிடப்போகிற படத்தில் இது நடக்கக் கூடாது.

அந்தப் பிரேமை நாங்களே வைத்துக்கொண்டோம். காசு வாங்கவில்லை. கருமாதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

## மூலத்தைத் தேடியது

முதலில் கல்யாண போட்டோகிராபர். திருமங்கலத்தில் இருந்தார். ஹார்டு டிஸ்கில் தேடி, பதினொன்றாம் நாள் காலையில் மூலப்படத்தைக் கொடுத்துவிட்டார். 6000க்கு 4000, 24 மெகாபிக்சல். முகம் இப்போது 356 பிக்சல் உயரம். 6 அங்குலத்தில் வைத்தால்கூட அங்குலத்துக்கு 59 வரும். வாட்ஸ்அப் படத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

100 சதவீதத்தில் திறந்து பார்த்தபோது முகம் மசமசவென்று இருந்தது. மண்டப வெளிச்சம் போதாமல் லென்ஸை நன்றாகத் திறந்து எடுத்திருக்கிறார். ஃபோகஸ் நடுவில் நின்ற மணமக்கள் மேல். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியில் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. இரண்டடி முன்னால், ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஃபோகஸுக்கு வெளியே போய்விட்டார். பிக்சல் எண்ணிக்கை வேறு, தெளிவு வேறு என்று நாங்கள் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்வதுதான். 356 பிக்சல் இருந்தது, ஆனால் அதில் பாதிக்கும் குறைவான விவரம்தான் இருந்தது. போட்டோகிராபரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணத்தில் மணமக்கள் மேல்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அதே படம் பேரனின் போனில் ஏன் தெளிவாகத் தெரிந்தது என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. போனை நேராகப் பிடித்தால் திரையின் அகலம் இரண்டே முக்கால் அங்குலம் இருக்கும். அதற்குள் இருபது பேர். அப்பத்தாவின் முகம் திரையில் 4 மில்லிமீட்டர்தான். 4 மில்லிமீட்டரில் எந்த முகமும் தெளிவாகத்தான் தெரியும். ஒரு ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எந்த வாடிக்கையாளருக்கும் பிக்சல் கணக்கிலிருந்து ஆரம்பிப்பதில்லை, ஸ்கேலிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

அப்போதுதான் அவர் சொன்னார், தன் வீட்டில் ஒரு பழைய ஆல்பம் இருக்கிறது, குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தபோது எடுத்தது என்று. 2003. பிலிம் கேமரா. அன்று மாலையே ஆல்பத்தைக் கொண்டுவரச் செய்தார்.

## ஆல்பம்

ஒட்டும் அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய ஆல்பம். நடுவில் ஒரு 4க்கு 6 படம், நெட்டுக்குத்தாக. கோயில் வாசலில் ஆலமர நிழல். அப்பத்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கேமராவைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது, முந்தானை முகத்துக்கு வரவில்லை. லேசாகச் சிரிக்கிறார். இரண்டு தண்டட்டியும் வெயில் பட்டுத் தெரிகின்றன. இடுப்பில் இருந்த மொட்டைத்தலைக் குழந்தைதான், பென் டிரைவ் கொண்டுவந்த பேரன்.

ஆல்பத்தின் பின்னட்டைக் கவரில் நெகட்டிவும் இருந்தது. அந்தக் காலத்தில் லேபில் பிரிண்டோடு நெகட்டிவையும் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதிலிருந்து ஸ்கேன் செய்ய முடிந்திருந்தால் அதுதான் முதல் மூலம். ஆனால் இருபது வருட வெக்கையிலும் ஈரத்திலும் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரிக்கப் பார்த்தால் உரிந்துவிடும். தொடாமல் விட்டோம். எனவே பிரிண்டைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

பிரிண்ட் அட்டையோடு ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பினால் மூலை மடிந்து கீறல் விழும். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலை அடியில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல மெதுவாக இழுத்துப் பிரித்தோம். அரை மணி நேரம் ஆனது. கைக்கு வந்ததும் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அது சில்க் பேப்பர். மேற்பரப்பு தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன மேடுபள்ளமாக இருக்கும். கையில் பார்க்க அழகு, ஸ்கேனரில் வைத்தால் ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம் பட்டு முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சாதாரண ஸ்கேனரில் விளக்கின் ஒளி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். படத்தை ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். முதல் முறை பளிச்சிட்ட பக்கம் இரண்டாம் முறை நிழலாகிவிடும். போட்டோஷாப்பில் இரண்டாவதை நேராகத் திருப்பி, முதலாவதன் மேல் அச்சு அசலாகப் பொருத்தி, பாதி ஒளிபுகவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடும். படம் மட்டும் மிஞ்சும். பொருத்துவதில் ஒரு பிக்சல் தப்பினாலும் கண் இரட்டையாகிவிடும், அதனால் பொறுமை வேண்டும்.

எத்தனை பிக்சலில் ஸ்கேன் செய்வது என்று சோதித்துப் பார்த்தோம். அங்குலத்துக்கு 300, 600, 1200 என்று முகத்தை மட்டும் மூன்று முறை எடுத்து, ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். 300ஐவிட 600இல் இமையோரமும் தண்டட்டியின் விளிம்பும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தன. 600க்கும் 1200க்கும் வித்தியாசமே இல்லை, தாளின் தூசி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு போட்டோ தாளில் இருக்கிற விவரம் ஒரு எல்லையோடு முடிந்துவிடும். ஸ்கேனரில் எண்ணைக் கூட்டினால் தாளில் இல்லாதது வந்துவிடாது. 600இல் எடுத்து, ஜேபெக் ஆக்காமல், விவரம் குறையாத டிஃப் பைலாகவே வைத்துக்கொண்டோம்.

## எடுத்த முடிவுகள்

பிரிண்டில் முகம் 22 மில்லிமீட்டர். 600இல் 520 பிக்சல். பழைய திட்டப்படி 6 அங்குல முகமாக்கினால் அங்குலத்துக்கு 87. சுவரில் மூன்று அடி தள்ளி நின்று பார்க்கத் தேவையான 95க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் சாமி கும்பிடுகிறவர்கள் மூன்று அடி தள்ளியா நிற்பார்கள்? மாலை போட, பொட்டு வைக்க, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நெருங்கித்தான் வருவார்கள்.

நான் சொன்ன யோசனை இது. பிரேம் 12க்கு 18ஆகவே இருக்கட்டும். உள்ளே படத்தை 8க்கு 12ஆகக் குறைத்து, சுற்றிலும் மவுண்ட் போர்டு என்ற வெள்ளை அட்டை வைக்கலாம். முகம் 3 அங்குலம் வரும், அங்குலத்துக்கு 173 பிக்சல். இருபது அங்குலம் நெருங்கி வந்தாலும் கண் குறையை உணராது. மூத்த மகனுக்கு முதலில் மனமில்லை, "படம் சின்னதாப் போயிருமே" என்றார். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வெட்டி, காலி பிரேமுக்குள் வைத்துச் சுவரில் மாட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அடுத்து குழந்தை. மாலை போடும் படத்தில் உயிரோடு இருப்பவர் இருக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். அது சரிதான். குழந்தையின் தலை அப்பத்தாவின் இடது தோளை மறைத்திருந்தது. அங்கே சேலையை நிரப்ப வேண்டும். இங்கே நாங்கள் ஒரு கோடு போட்டுக்கொண்டோம்: சேலையையும் பின்னணியையும் திருத்தலாம், கழுத்துக்கு மேலே தூசியும் கீறலும் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. முகத்தை வெளுப்பாக்குவது, சுருக்கம் எடுப்பது, ஏஐ, எதுவும் இல்லை. வலது தோள் சேலையின் மடிப்பை எடுத்து இடது பக்கம் பொருத்தினோம்.

பதின்மூன்றாம் நாள், முழுப்படத்தையும் அச்சிடாமல், முகத்தை மட்டும் உண்மை அளவில் ஒரு 4க்கு 6 தாளில் லேபில் எடுத்து வரச் செய்தேன். இந்தச் சின்னத் தாள்தான் எங்களைக் காப்பாற்றியது. முகம் கருத்துப்போய் வந்திருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் அளவுக்கு மேல் இருந்ததால், திரையில் சரியாகத் தெரிந்தது தாளில் இருண்டுவிட்டது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, முகத்தைத் தனியாகத் தொடாமல் படம் முழுவதற்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி ஒரு சோதனைத் தாள் எடுத்தோம். அது சரியாக இருந்தது. மகளை வரவழைத்து அதைக் காட்டினோம். அவர் முதலில் பார்த்தது காதைத்தான்.

## பதினைந்தாம் நாள்

பிரேம் பதினைந்தாம் நாள் சாயங்காலம் போனது. பேரனும் அத்தையும் வந்து வாங்கிக்கொண்டார்கள். இந்த முறை அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் கண்ணாடியை ஒரு தரம் துடைத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் போகும்போதும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனதாகப் பேரன் பிறகு சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. இடது தோளில் நிரப்பிய சேலையின் கரை, உற்றுப் பார்த்தால் ஒரு இடத்தில் முறிகிறது. சில்க் புள்ளி நெற்றியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் கிடைத்திருந்தால் சரிசெய்திருப்போம். அந்த இரண்டு நாளைத் தின்றது நாங்கள் முதலில் போட்ட தவறான பிரேம்.

## இப்போது மாற்றிக்கொண்டவை

படம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இப்போது எங்கள் கடையில் முதல் கேள்வி. வாட்ஸ்அப் என்றால், எடுத்தவரிடமே கேட்டு டாக்குமெண்டாக அனுப்பச் சொல்கிறோம். எம்பியையும் டிபிஐயையும் பார்த்து ஆர்டர் எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். படத்தை 100 சதவீதத்தில் திறந்து, முகத்தின் மேல் கட்டம் இழுத்து, எத்தனை பிக்சல் உயரம் என்று எண்ணி, அந்த எண்ணை ஆர்டர் சீட்டில் எழுதுகிறோம். வாடிக்கையாளர் கேட்கும் அளவில் அந்த முகம் எத்தனை அங்குலம் வரும் என்பதைப் பக்கத்தில் எழுதி வகுத்தாலே, ஆபரேட்டருக்கு விஷயம் புரிந்துவிடும். சுவரில் மாட்டும் முகத்துக்கு அங்குலத்துக்கு 100க்குக் கீழே வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும். பிளக்ஸுக்கு இந்தக் கணக்கே வேறு, அதைக் கலக்கக் கூடாது. பிளக்ஸில் நன்றாக வந்த படம் பிரேமுக்கு ஆகும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏஐயை நாங்கள் முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. பின்னணி, துணி, கட்டடத்துக்குப் பயன்படுத்துகிறோம். இறந்தவரின் முகத்தில் போடுவதாக இருந்தால், போடாத படத்தையும் போட்ட படத்தையும் பக்கத்தில் வைத்து, அவரோடு வாழ்ந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் அனுப்பிச் சம்மதம் வாங்குவதில்லை, 4 மில்லிமீட்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வாட்ஸ்அப் படத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லாத குடும்பங்களும் வருகின்றன. அவர்களுக்குப் படத்தைச் சின்னதாக வைத்து, மவுண்டை அகலமாக்கித் தருகிறோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் கேட்கப் பழகிவிட்டோம். "வீட்ல பழைய ஆல்பம் இருக்கா? அத்தை வீட்ல, பெரியம்மா வீட்ல?" பாதிப் பேருக்கு அப்போதுதான் நினைவு வருகிறது. பெண்கள் கட்டிக்கொண்டு போன வீடுகளில்தான் பெரும்பாலும் அந்த ஆல்பங்கள் இருக்கின்றன.

அந்தக் காதுகுத்து ஆல்பத்தில் மொத்தம் 34 படம். கருமாதி முடிந்த வாரம் அத்தை அதை மறுபடியும் கொண்டுவந்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். சில்க் பேப்பர் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை, 600இல் எடுத்தோம். பேரன்தான் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பித் திருப்பி வைத்துக் கொடுத்தார். தை மாதம் அவர் போன் செய்தார். ஊரில் தண்டட்டி போட்ட ஆத்தாமார் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்களாம், எல்லோரையும் ஒருநாள் திண்ணையில் உட்காரவைத்து முகம் நிறைய எடுக்கப்போகிறேன், காலை வெயில் நல்லதா சாயங்கால வெயில் நல்லதா என்று கேட்டார். காலையில் நேர்வெயில் இல்லாமல் திண்ணை நிழலில் எடுக்கச் சொன்னேன்.